ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: ஜெர்மனியா, ஜப்பானா, சிங்கப்பூரா?

சித்தி மகன் சென்னையில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் கல்லூரி மூன்று நாடுகளில் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் வைத்திருக்கிறது. "அண்ணா, எதுக்கு அப்ளை பண்றது?" என்று போனில் கேட்டான். நான் ஜெர்மனிக்குப் போய்வந்தவன். என் ஹாஸ்டல் நண்பன் அதே வருடம் ஜப்பானில் செண்டாய் நகரத்துக்குப் போனான். அதனால் சித்தி மகனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

பரிமாற்றத்தில் கல்விக் கட்டணத்தை நம் கல்லூரியில்தான் கட்டுகிறோம், அங்கே கட்டுவதில்லை. ஆகவே எந்த நாட்டில் ஃபீஸ் குறைவு என்ற கேள்விக்கு இடமே இல்லை. முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

நமக்கு ஒரு செமஸ்டர் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி டிசம்பருக்குள் முடிகிறது. அடுத்தது ஜனவரியில் ஆரம்பம். சிங்கப்பூர் இதோடு அப்படியே பொருந்தும். அங்கே ஆகஸ்டில் வகுப்பு, டிசம்பர் தொடக்கத்தில் தேர்வு முடிந்துவிடும். ஜெர்மனியில் குளிர்கால வகுப்பு அக்டோபர் நடுவில்தான் தொடங்குகிறது. பிப்ரவரி நடுவரை வகுப்பு, அதற்குப் பிறகு தேர்வு. ஜப்பானும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஏப்ரலில் போனாலும் இரண்டு நாடுகளிலும் நம்முடைய இரண்டு செமஸ்டர்கள் அடிபடும். நான் திரும்பி வந்தபோது வகுப்புத் தோழர்கள் அடுத்த செமஸ்டரின் முதல் இன்டர்னலை முடித்திருந்தார்கள். ஏழாம் செமஸ்டரில் போகிறவர்களுக்குப் பிளேஸ்மென்ட்டும் இதில் மாட்டிக்கொள்ளும். ஐந்தாம் செமஸ்டரே நல்ல நேரம்.

அப்படியென்றால் சிங்கப்பூரா? தமிழ் அங்கே ஆட்சிமொழி, பாடம் ஆங்கிலத்தில், இட்லிக்குக் குறைவில்லை, அம்மாவுக்கும் நிம்மதி. தங்குவதற்கு மட்டும் செலவு அதிகம். ஒரு பாடத்தைக்கூட விட்டுவிடக் கூடாது என்ற நிலையில் இருப்பவர் தயங்காமல் அங்கே போகலாம். இதற்கு மேல் அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை.

ஜெர்மனிக்கு வருவோம். சென்னைக்கும் ஜெர்மனிக்கும் உறவு பழையது. 1959-இல் சென்னை ஐ.ஐ.டி. உருவானதே மேற்கு ஜெர்மனியின் உதவியால்தான். பணம்தான் முதல் சுவர். வீசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ரூபாயில் ஐந்தரை லட்சத்துக்குக் குறையாது. அது முழுக்கச் செலவாகிப் போகிற பணம் இல்லை, மாதா மாதம் நம் கைக்கே திரும்புகிறது. ஆனாலும் முன்கூட்டியே மொத்தமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவின் நகை அடகுக்குப் போய்த்தான் திரும்பியது. இதைச் சொல்லாமல் ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது.

அடுத்தது அறை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அந்தப் பதிவு நடக்காது. பதிவு இல்லாவிட்டால் தங்கும் அனுமதியில் தொடங்கி மற்ற எல்லாமே நின்றுவிடும். மாணவர் விடுதி கிடைத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். மியூனிக்கில் வெளியே அறை தேடினால் வாடகை மட்டுமே 700 யூரோவைத் தாண்டும். சிறிய ஊர்ப் பல்கலைக்கழகமாக எடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மதிப்பெண் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். எனக்கு வெப்பவியலில் 1.7 வந்தது. பல பாடங்களுக்கு இன்டர்னல் கிடையாது, கடைசித் தேர்வு ஒன்றே எல்லாம். இரவு பகலாகப் படித்து வாங்கிய மதிப்பெண் அது. நம் ஊர் அலுவலகத்தில் பத்துக்கு 1.7 என்று எடுத்துக்கொண்டு அரியர் என்று பதிந்துவிட்டார்கள். சரிசெய்ய இரண்டு மாதம் அலைந்தேன். போவதற்கு முன்பே எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம், எந்த மதிப்பெண்ணுக்கு எந்த கிரேடு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஜெர்மனியில் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். தேதி தவறினால் எழுத விடமாட்டார்கள்.

ஜப்பானில் இந்தத் தாள் வேலையில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகமே செய்கிறது. வீசாவுக்கு வேண்டிய தகுதிச் சான்றிதழை அவர்கள் குடிவரவுத் துறையிடம் வாங்கி அனுப்பியதும் வீசா விரைவாகக் கிடைக்கிறது. ஜாஸோ என்ற ஜப்பான் அரசு சார்ந்த மாணவர் உதவி அமைப்பின் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 80,000 யென். அது எல்லோருக்கும் கிடையாது. அங்குள்ள பல்கலைக்கழகம்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும். அனுமதி வாங்கிக்கொண்டால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலையும் பார்க்கலாம்.

குறை பாடத்தில்தான். இளநிலைப் பொறியியல் வகுப்புகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில். ஆங்கிலத்தில் பரிமாற்ற மாணவருக்கென்று வைத்திருப்பதில் மொழியும் பண்பாடும் அதிகம், நம் சிலபஸுக்கு ஈடாக வருவது குறைவு. ஜெர்மனியிலும் இளநிலை பெரும்பாலும் ஜெர்மன்தான். ஆனால் முதுநிலையின் ஆங்கில வகுப்புகளில் பரிமாற்ற மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஜப்பான் இதை ஆய்வகத்தில் ஈடுகட்டுகிறது. செண்டாயின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஜே.ஒய்.பி.இ. என்ற திட்டம் அறிவியல், பொறியியல் மாணவருக்கானது. அதில் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்யலாம். என் நண்பனுக்கு அங்கே ஒரு மேசை, மேசைமேல் அவன் பெயர் எழுதிய சீட்டு. வாரம் ஒருமுறை செமினாரில் எழுந்து நின்று தன் வேலையைச் சொல்ல வேண்டும். மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து டென்சைல் சோதனைக்கான (உலோகத்தை இழுத்து வலிமை பார்க்கும் சோதனை) மாதிரியை அரத்தால் தேய்க்கக்கூடக் கற்றுக்கொடுத்தார். எனக்கு ஜெர்மனியில் இருநூறு பேர் உட்காரும் ஹாலில் கடைசி வரிசைதான் கிடைத்தது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மன் பல்கலைக்கழகக் கேன்டீனில் சைவம் சாதாரணமாகக் கிடைக்கும். ஜப்பானில் வெறும் காய்கறி என்று தோன்றும் சூப்பிலும் மீன் சாறு இருக்கும். நண்பன் ஒரு சின்ன குக்கரை எடுத்துப் போயிருந்தான், பிழைத்தான்.

அங்கேயே முதுநிலை படிக்கும் எண்ணம் இருந்தால் ஜெர்மனி. ஊரையும் முறையையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஆராய்ச்சியில் ஆசை என்றால் ஜப்பான். சித்தி மகனுக்கு வெல்டிங் மெட்டலர்ஜியில் பைத்தியம், அதனால் ஜப்பானைச் சொன்னேன். பாடப் பட்டியலை அச்செடுத்து, எது எதற்கு ஈடு என்று பென்சிலால் குறித்துக்கொண்டு துறைத்தலைவரைப் பார்க்கச் சொன்னேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம்.