ஸ்டெல்லாரிஸ்: சுரங்கத் தொழிலாளியின் மகிழ்ச்சிக்கு எடை எவ்வளவு?

ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதத்தில் வெளியிட்ட ‘ஸ்டெல்லாரிஸ்’ கணினி விளையாட்டைப் பெரும்பாலோர் விண்மீன் மண்டலத்தைப் பிடிக்கும் போராட்டமாகவே ஆடுகிறார்கள். என்னைக் கட்டிப்போட்டதோ அதிலுள்ள தொழிலாளர் கணக்கு. 2018 டிசம்பரில் வந்த 2.2 பதிப்புதான் ஒவ்வொரு கோளின் மக்களையும் ஆள்வோர், வல்லுநர், தொழிலாளர் என அடுக்குகளாகப் பிரித்து அவரவர்க்கு வேலை கொடுத்தது. இது இலவசப் புதுப்பிப்பு என்பதால், உடன் வெளிவந்த ‘மெகாகார்ப்’ விரிவாக்கத்தை இதற்காக வாங்க வேண்டியதில்லை. (2025 மே மாதத்தின் 4.0 பதிப்பில் மக்கள்தொகையை எண்ணும் முறையே மாறிவிட்டது; நான் சொல்வது அதற்கு முந்தைய ஆட்டத்தைப் பற்றி.)

எந்த இனத்துக்கு என்ன வாழ்க்கைத் தரம் என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார். தாராளமாகக் கொடுத்தால் நுகர்பொருள் கையிருப்பு கரையும். ஆனால் மக்கள் மகிழ மகிழக் கோளின் நிலைத்தன்மை (அங்குள்ள அமைதியை 0 முதல் 100 வரை காட்டும் எண்) ஏறும், அது 50ஐத் தாண்டியதும் அதே ஆட்களைக் கொண்டே சுரங்கமும் வயலும் கூடுதலாக விளைவிக்கும். 50க்குக் கீழே இறங்கினால் விளைச்சல் குறையும், இன்னும் சரிந்தால் கலகம் வெடிக்கும். மிக உயர்ந்த தரத்தில் வேலையற்றோர்கூட ஆராய்ச்சிக்குப் பங்களிப்பார்கள்.

இதுவரை நல்ல பாடம்தான். ஆனால் ஒருமுறை போர்ச் செலவுக்காக, பொதுத் தரத்தை நீக்கி, மேல்தட்டுக்கு அதிகமும் கீழ்த்தட்டுக்குக் குறைவுமான தரத்தை ஒரே சொடுக்கில் கொண்டுவந்தேன். சுரங்கக் கோளில் தொழிலாளரின் மகிழ்ச்சி சரசரவென்று இறங்கியது. நிலைத்தன்மையோ அசையவில்லை என்றே சொல்லலாம். காரணம் தேடி எண்ணின் மேல் சுட்டியை நகர்த்தியபோதுதான் புரிந்தது: ஒவ்வொருவரின் மகிழ்ச்சியும் அவரவர் அரசியல் பலத்தால் பெருக்கப்பட்டே கணக்கில் சேர்கிறது, அந்தத் தரத்தில் ஆள்வோருக்கு அந்தப் பலம் மிக அதிகம் என்பதால் அவர்கள் சிலரின் திருப்தி சுரங்கம் முழுவதன் மனக்கசப்பையும் மூடிவிடுகிறது. உற்பத்தி குறையாததால் நானும் அதைத் திருத்தவில்லை.

இந்த நேர்மைக்காகவே விளையாட்டை மெச்சுகிறேன். குறை என்றால், உடல் இதில் இல்லை: களைப்பும் இல்லை, விபத்தும் இல்லை, ஆட்டம் தொடங்கும் 2200ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய சுரங்கக்காரன் நூறாண்டு கழித்தும் அதே வேகத்தில் வெட்டுகிறான். பொறுமையும் எண்களில் ஆர்வமும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். விறுவிறுப்பான சண்டை வேண்டுவோர் முதல் இரண்டு மணி நேரத்திலேயே சலித்துவிடுவார்கள்.