துளையே போட மாட்டோம் என்று சொன்ன கடை: பழைய ரைபிளுக்கு ஸ்கோப் பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

என் தந்தையார் வாங்கியதும், அவர் காலத்துக்குப் பின் வாரிசு என்ற முறையில் என் உரிமத்தில் ஏற்றிக்கொண்டதுமான .315 ரைபிளை ஸ்கோப் பொருத்தக் கடையில் கொடுத்தேன். அதன் ரிசீவரில் (போல்ட் ஓடும், சுடுகுழாய் மாட்டியிருக்கும் நடு உடல்), என்னைக் கேட்காமலே மூன்று துளைகள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கும்பகோணம் பக்கத்தில் அரசலாற்றங்கரை ஊர் எங்களுடையது. டெல்டா மாவட்டங்களில் இப்படிப்பட்ட ரைபிள்கள் இன்னும் பல பழைய வீடுகளில் உரிமத்தோடு இருக்கின்றன என்பதால்தான் எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ராணுவம் முன்பு பயன்படுத்திய .303 ரைபிள் தடை செய்யப்பட்ட அளவு என்பதால் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. ஆனால் இச்சாப்பூர் அரசு துப்பாக்கித் தொழிற்சாலையின் .315, அதே லீ என்பீல்டு போல்ட் அமைப்பில் (போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு), வேறு தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. அந்த அமைப்பு உருவான காலத்தில் சாதாரணச் சிப்பாய்க்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆகையால் ரிசீவரின் மேல் அதைப் பிடித்துக்கொள்ள எந்த வாகும் கிடையாது. எனக்கோ வெள்ளெழுத்து வந்து, பேக் சைட் (சுடுகுழாயின் மேல் உள்ள பின் குறி), முன் குறி, இலக்கு மூன்றும் ஒருசேரத் தெரியவில்லை. ரைபிள் கிளப்பில் தொடர்ந்து சுட வேண்டுமென்றால் ஸ்கோப் தேவைப்பட்டது.

துளை கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. லீ என்பீல்டில் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் காதுகள் பின்பக்கம் இருப்பதால், சுடும்போது எழும் விசையை ரிசீவரின் சுவர்களே தாங்குகின்றன. அதன் முன்வளையத்துக்கு அடியில்தான் சுடுகுழாயின் மரையும் தோட்டா வெடிக்கும் அறையும் இருக்கின்றன. அங்கே டிரில் ஓர் இழை ஆழமாக இறங்கினாலும் ஆபத்து. இவற்றையெல்லாம் 2024 தை மாதம் கடையில் எடுத்துச் சொன்னபோது, "ஒரு துளைகூடப் போட மாட்டோம் சார், பேக் சைட் இருக்கும் இடத்திலேயே மவுண்ட் உட்கார்ந்துவிடும்" என்றார்கள். மவுண்ட் என்பது ஸ்கோப்பைத் தாங்கும் பிடி. நானும் உரிமத்தைக் காட்டி, ரைபிளை ஒப்படைத்து, ரைபிளின் எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன். துளையிடக் கூடாது என்ற வரியை அந்த ரசீதில் எழுதி வாங்காமல் வந்தது என் தவறு.

அவர்கள் ஏன் துளையிட்டார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. பேக் சைட்டின் தகட்டைக் கழற்றி, அந்த ஆணித் துளைகளிலேயே மாட்டும் மவுண்ட் உண்மையிலேயே உண்டு. ஆனால் அப்போது ஸ்கோப், சுடுகுழாயின் மேல், கண்ணிலிருந்து வெகு தூரம் முன்னால் நிற்கும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் ஏறக்குறைய ஒன்பது, பத்து அங்குலம் இடைவெளி இருந்தாலும் முழுக் காட்சி தரும் தனி வகை ஸ்கோப்தான் அதற்குப் பொருந்தும். கடையில் இருந்ததோ மூன்று, நான்கு அங்குலத்துக்குள் கண்ணை வைத்தாக வேண்டிய சாதாரண ஸ்கோப். அதை ரிசீவரின் மேல் பின்னுக்குத் தள்ளி வைத்தால்தான் படம் தெரியும். அங்கே பிடிமானம் இல்லாததால் டிரில்லை எடுத்துவிட்டார்கள். "துளை போடுவீர்களா" என்று கேட்பதற்கு முன், "எந்த ஸ்கோப், கண்ணுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும்" என்று நான் கேட்டிருந்தால் அவர்கள் பதிலிலேயே விஷயம் வெளிவந்திருக்கும்.

மாசியில் ரைபிள் கைக்கு வந்தபோது மவுண்ட்டின் அடிப்பலகை துளைகளை முழுவதும் மூடியிருந்தது. சுடுதளத்தில் முதல் மூன்று தோட்டாக்கள் அருகருகே விழுந்தன. நான்காவது ஒரு சாண் இடப்பக்கம் போயிற்று. திருகி நேராக்கினால் அடுத்தது வலப்பக்கம். உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாதவனுக்குப் பத்துத் தோட்டாக்கள் வீணாவது என்ன இழப்பு என்பது உரிமம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததும், வழக்கம்போல் ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கொண்டுபோனேன். ரிசீவரில் உள்ள எண்ணை உரிமத்தோடு ஒப்பிட வேண்டும், மவுண்ட் பாதியை மறைக்கிறது, கழற்றுங்கள் என்றார் ரைட்டர் (நிலையத்தின் பதிவேடுகளை எழுதும் காவலர்). அவர் மேசையில் வைத்தே திருகுகளைக் கழற்றினேன். அடிப்பலகை எளிதில் வரவில்லை. அரால்டைட் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பெயர்த்தெடுத்தபோது கறுத்த இரும்பின் நடுவே வெள்ளி போல மின்னும் மூன்று துளைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் திருகு முறிந்து உள்ளேயே நின்றது. முன்வளையத்துத் துளையைச் சுற்றி அரம் போட்டுச் சமன் செய்ததில் எண்ணின் கடைசி இலக்கத்தின் மேற்கோடு தேய்ந்து போயிருந்தது. ரைட்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது ஏழா, ஒன்றா சார்?" என்று கேட்டார். எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி, அடையாள எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரே அழித்ததாகக் கருதப்படும். துளையிட்டது கடையாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். போல்ட்டின் கைப்பிடியில் அதே எண் தெளிவாக இருந்ததும், கடையின் ரசீதில் எண் முழுமையாக எழுதப்பட்டிருந்ததும்தான் அன்று என்னைக் காப்பாற்றின. நிலைய ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டு, நிலையை எழுதிப் பதிவு செய்துகொண்டார். மறுநாளே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ரசீதின் நகலோடு மனுக் கொடுத்தேன்.

கடைக்காரர் தொலைபேசியில், துளை இல்லாமல் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நிற்காது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ரைபிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன்.

கடையில் கொடுத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், ரைபிளை வாங்கும் இடத்திலேயே மவுண்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் ரிசீவரின் நான்கு பக்கத்தையும், எண் தெளிவாகத் தெரியும்படி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துளை கண்ணில் பட்டால், தகுதியுள்ளவர் ஆய்வு செய்யும் வரை ஒரு தோட்டாவும் சுடாதீர்கள். என் ரைபிளை நான் அதன் பிறகு சுடவில்லை. என் தந்தையார் நாற்பது ஆண்டு பார்த்துச் சுட்ட பேக் சைட் தகடு அந்தக் கடையில்தான் இருக்கிறது. மூன்று கடிதம் எழுதியும் இன்னும் திருப்பித் தரவில்லை.