ஹேலோ: விளையாட்டும் தொடரும்

பாளையங்கோட்டை வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். நானும் சித்தப்பா மகனும் மாற்றி மாற்றி ஆடியது ஹேலோ என்ற வீடியோ விளையாட்டின் முதல் பாகம். 2001-ல் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுக் கருவிக்கும் 2003-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. கவசத்தின் சக்தி தீர்ந்து அபாய ஒலி அடித்ததும் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, திரையில் அதன் அளவைக் காட்டும் கோடு மறுபடி நிரம்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். முடிவில் நாம் ஆடும் நாயகன் மாஸ்டர் சீஃப் ஹெல்மெட்டைக் கழற்றுவார். அப்போதும் முகம் நமக்குத் தெரியாது. அதனால்தான் அந்த ஹெல்மெட்டுக்குள் நாங்கள் இருந்தோம்.

அந்த விளையாட்டை வைத்து 2022-ல் வந்த தொடரில் முதல் எபிசோடிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். “இவன் யாருல?” என்றான் தம்பி. எனக்கும் அதே கேள்விதான். நடித்த பாப்லோ ஷ்ரைபர் மேல் குறையே இல்லை. முகத்தைக் காட்டியதும் அது வேறொருவரின் கதையாகிவிட்டது.

தொடரில் நல்லதும் உண்டு. முதல் சண்டைக் காட்சி அபாரம். மாஸ்டர் சீஃபுக்குத் துணையாக வரும் செயற்கை அறிவான கோர்டானாவுக்கு விளையாட்டில் பேசிய ஜென் டெய்லரே இதிலும் பேசியதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் ஹேலோ என்ற அந்தப் பிரம்மாண்ட விண்வெளி வளையம்? விளையாட்டில் தொடக்கத்திலேயே அதில் இறங்கிவிடுவோம்; அண்ணாந்து பார்த்தால் நிலமே வானத்தில் வளைந்து ஏறும். தொடரில் அங்கே போய்ச் சேர இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2024-ல் அத்தோடு தொடரையே நிறுத்திவிட்டார்கள்.