பார்ஜா, கலிங்கா? ஸ்னேக் ஆற்றுச் சால்மன் கடலுக்குப் போகும் வழி

அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் பொரிக்கும் சால்மன் குஞ்சு கடலைப் பார்க்க எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். ஸ்னேக் ஆற்றில் நான்கு, கொலம்பியாவில் நான்கு. முட்டையிடத் திரும்பும் பெரிய மீன் ஏறிவர இந்த எட்டிலும் மீன் ஏணி, அதாவது படிப்படியாக மேலேறும் நீர்வழி, உண்டு. தலைவலியெல்லாம் கீழே இறங்கும் விரல்நீளக் குஞ்சோடுதான். டர்பைனில் சிக்காமல் அதை எப்படி அனுப்புவது?

ஒரு வழி பார்ஜ், அதாவது தட்டையான சரக்குப் படகு. லோயர் கிரானைட் போன்ற மேல் அணைகளிலேயே குஞ்சுகளைப் பிடித்து, ஆற்றுநீர் ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டிகளில் ஏற்றி, கடைசி அணையான பான்னவில்லுக்குக் கீழே கொண்டுபோய் விடுவார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1970களிலிருந்து செய்துவரும் வேலை. ஏற்றியதில் சுமார் 98 சதவீதம் உயிரோடு இறங்கும். ஆற்றோடு நீந்திப் போனால் ஏறக்குறைய பாதிதான் தேறும். இதோடு கணக்கை மூடினால் பார்ஜுக்கே வெற்றி.

ஆனால் கணக்கை எங்கே மூடுவது என்பதில்தான் சண்டையே. ஆய்வாளர்கள் குஞ்சின் வயிற்றில் ஊசியால் ஒரு சில்லைச் செலுத்துகிறார்கள். நீளம் 12 மில்லிமீட்டர், பார்த்தால் ஒரு அரிசி. பேட்டரி கிடையாது. இரண்டு மூன்று வருடம் கழித்து அதே மீன் ஏணியில் ஏறும்போது அங்குள்ள ஆன்டெனா அந்தச் சில்லின் எண்ணைப் படித்துவிடும். இப்படித் திரும்பி வந்ததை எண்ணிப் பார்த்தால் பார்ஜின் முன்னிலை வெகுவாகச் சுருங்குகிறது. அதில் போன குஞ்சுகள் கடலில் கூடுதலாகச் சாகின்றன. தப்பியவற்றிலும் வழி தவறி வேறு ஆற்றுக்குள் நுழைபவை அதிகம். சால்மன் வாசனை பிடித்து வீடு திரும்பும் மீன் அல்லவா? வழியெல்லாம் படகில் போனதற்கு அந்த மணம் எப்படிப் பதியும்?

இன்னொரு வழி கலிங்கு, அதாவது அணையில் உபரி நீர் வழிந்தோடும் மதகு. தண்ணீரை டர்பைனுக்கு விடாமல் கலிங்கு வழியே வழியவிட்டால், மேல்மட்டத்தில் நீந்தும் குஞ்சு அதோடு இறங்கிவிடும். 2005-ல் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு இது கூடியது. வழியவிட்ட தண்ணீர் மின்சாரம் தராது என்பது ஒரு நஷ்டம். அப்புறம், உயரத்திலிருந்து விழும் நீர் காற்றை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். கரைந்த வாயு அளவு மீறினால் மீனின் துடுப்பிலும் கண்ணிலும் குமிழி கட்டும். அதற்காகத்தான், நீரில் இயல்பாகக் கரைந்து நிற்கும் வாயுவை 100 என்று வைத்தால், 125 சதவீதம் என்று ஓர் உச்சவரம்பு.

என் ஓட்டு வசந்தகாலத்தில் கலிங்குக்கு. ஆறு சூடேறி வற்றத் தொடங்கிய பிறகு, குறிப்பாக சால்மனின் உறவான ஸ்டீல்ஹெட் மீனுக்கு, பார்ஜை ஒதுக்கிவிட முடியாது.

சரி, அணையையே எடுத்துவிட்டால்? ஒரிகான், கலிஃபோர்னியா வழியே ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024-ல். அந்த ஆண்டு அக்டோபரில், நூறாண்டுக்கு மேல் சால்மன் எட்டாத ஒரிகான் கிளையோடையில் சினூக் வகைச் சால்மன் தென்பட்டது. ஸ்னேக்கில் அது அவ்வளவு லேசில்லை. அங்குள்ள நான்கும் சேர்ந்து 3,000 மெகாவாட் திறன் கொண்டவை. ஐடஹோவின் லூயிஸ்டன் துறைமுகம் வரை கோதுமை ஏற்றும் பார்ஜ்கள் ஓடுவதும் அந்த அணைகள் தேக்கிவைத்த தண்ணீரில்தான். இடிக்க வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதிக்க வேண்டும். அதுவரை குஞ்சுகளுக்கு பார்ஜும் கலிங்கும்தான்.