பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் கிட்டார்: ஓர் இணையவழிப் பயிற்சியின் மதிப்புரை

1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் பிரிட்டனில் உருவான ஹெவி மெட்டல் கிட்டார் வாசிப்பையும் அதன் தொனியையும் கற்றுத்தருவதாக விற்கப்படும் காணொளிப் பயிற்சி ஒன்றை முழுவதும் கிட்டாரில் வாசித்துப் பழகி முடித்த பிறகு இதை எழுதுகிறேன். பிளாக் சப்பாத், ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் ஆகிய மூன்று குழுக்களின் ரிஃப்களே (திரும்பத் திரும்ப வரும் குறுகிய கிட்டார் மெட்டுகளே) இதன் பாடத்திட்டம். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடிக்கும் கைக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைப்பது அரிது; கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பற்றிய பகுதியை நம்பினால் மட்டும் ஏமாற்றமே மிஞ்சும்.

அயர்ன் மெய்டனின் அடையாளமான குதிரைப் பாய்ச்சல் தாளத்தைக் கற்பிக்கும் பாடம்தான் இதன் உச்சம். ஓர் எட்டில் ஒரு பங்கு சுரம், அதைத் தொடர்ந்து இரண்டு பதினாறில் ஒரு பங்கு சுரங்கள் என்பதுதான் கணக்கு. பிக் கீழே, கீழே, மேலே என்று போக வேண்டும். ஆசிரியர் முதலில் எந்தச் சுரத்தையும் பிடிக்க விடுவதில்லை. இடக்கையால் தந்திகளை அடக்கிவிட்டு, வெறும் தட்டல் ஓசையைத் தாளம் காட்டும் மெட்ரோனோமோடு ஒட்டவைக்கச் சொல்கிறார். பிறகு கேமரா, கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு மிக அருகில் செல்கிறது. உள்ளங்கையின் ஓரம் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்தால் சுரம் செத்துவிடுவதும், பின்னால் நகர்ந்தால் தந்தி அடங்காமல் அதிர்வதும் கண்ணுக்குத் தெரிகின்றன, காதுக்கும் கேட்கின்றன. உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அடக்கும் இந்தப் பாம் மியூட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தும் பிடிபடாதவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும். முன்கையை இறுக்காமல் மணிக்கட்டிலிருந்தே வேகத்தை எடுக்க வேண்டும் என்பதை அவர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வதும் தேவையானதே.

பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியைப் பற்றிய பகுதியும் நன்றாகவே இருக்கிறது. பர்மிங்ஹாமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் அவர் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்ததும், இடக்கைப் பழக்கம் உள்ளவராதலால் அதுவே ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பிகளுக்கு இடையே தந்தியை) அழுத்தும் கையாக இருந்ததும் பலரும் அறிந்த கதைதான். விரல்களுக்குத் தானே உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், 1971-இல் வெளிவந்த குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்கு ட்யூனிங்கை மூன்று செமிடோன் (அரைச் சுரம்) இறக்கினார் என்று வாசிப்போடு சேர்த்துச் சொல்லும்போதுதான் அவருடைய அகன்ற விப்ரேட்டோ (தந்தியை அசைத்துச் சுரத்தை நடுங்கவைப்பது) எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. இவ்வளவையும் விளக்கிவிட்டு, மாணவரைத் தடித்த தந்தி போடச் சொல்வது ஏனென்றுதான் தெரியவில்லை. சுருதி நிலைக்கும், உண்மை. ஆனால் அந்த விப்ரேட்டோ வராது.

ஜூடாஸ் பிரீஸ்ட் பாடங்கள் பெரும்பாலும் 1980-ஆம் ஆண்டு ஆல்பத்தைச் சுற்றியே நிற்கின்றன. அவை எளியவை, குறைசொல்ல ஒன்றுமில்லை.

கூடவே தரப்படும் டேப் தாள்களில் (எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று காட்டும் குறிப்புகளில்) ஒரு பெரும் பிழை இருக்கிறது. மெய்டன் பாணி இரட்டைக் கிட்டார் மெட்டுகளில் இரண்டாவது கிட்டார், அந்த ஸ்கேலுக்குள் (பாட்டின் சுர வரிசைக்குள்) நின்று மூன்றாம் சுர இடைவெளியில் செல்ல வேண்டும். இ மைனரில் இ-க்கு மேல் ஜி வரும், அது மூன்று ஃப்ரெட் தூரம்; ஜி-க்கு மேல் பி வரும், அது நான்கு ஃப்ரெட். தாளிலோ எல்லாச் சுரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று ஃப்ரெட் தள்ளி அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே ஜி-க்கு மேல் ஏ ஷார்ப் வந்து நின்று காதைக் குத்துகிறது. காணொளியில் ஆசிரியர் சரியாகத்தான் வாசிக்கிறார் என்பதால், இரட்டைக் கிட்டார் பகுதிகளுக்குத் தாளை விட்டுவிட்டு அவர் விரலைப் பார்ப்பதே நல்லது.

இனி தொனி. பயிற்சியோடு வரும் ப்ரீசெட்டுகள் (தயார்நிலை ஒலி அமைப்புகள்) அனைத்திலும் கெய்ன் (கரகரப்பைக் கூட்டும் அளவு) மிக அதிகம், மிட் (நடுத்தர ஓசை) மிகக் குறைவு. அது பிற்கால அமெரிக்க மெட்டலின் ஓசை. மார்ஷலின் 100 வாட் சூப்பர் லீட் ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூம் (கரகரப்பைக் குறைக்காமல் ஒலியளவை மட்டும் குறைக்கும் திருகு) கிடையாது. அக்கால பிரிட்டிஷ் கலைஞர்கள் வால்யூமை உயர்த்தி, பவர் வால்வுகளை (ஒலியைப் பெருக்கும் குழாய்களை) வருத்தித்தான் தங்கள் கரகரப்பைப் பெற்றார்கள். 1975-இல் மாஸ்டர் வால்யூம் கொண்ட மார்ஷல் 2203 ஆம்ப் வந்த பிறகும் மிட் நிறைந்த குரல் மாறவில்லை. ஐயோமி தம் லேனி ஆம்ப்புக்கு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர் என்ற சிறு பெட்டியை வைத்திருந்தார். தாழ்ந்த ஓசையைக் குறைத்து உயர்ந்த ஓசையைத் தூக்கி அனுப்புவதால் ரிஃப் குழம்பாமல் கேட்கும். இந்தப் பெட்டியைப் பற்றிப் பயிற்சியில் ஒரு சொல்கூட இல்லை. ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலில் (ஆம்ப்புக்கு முன் வைக்கும் கரகரப்புப் பெட்டியில்) டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவலை உயரத்திலும் வைத்து, ஆம்ப்பில் கெய்னைப் பாதிக்குக் கொண்டுவந்து, மிட்டை ஏற்றிப் பாருங்கள். அவர்கள் தரும் எந்த ப்ரீசெட்டையும்விட அருகில் செல்லலாம். தொடக்கத்தில் ஒலி மெலிந்ததாகத் தோன்றும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் அது தன் இடத்தில் சரியாகப் பொருந்திவிடும்.

அதைச் சோதிக்க உதவுவது இத்தொகுப்பின் பின்னணி இசைதான். இரண்டு கிட்டார்களும் இடமும் வலமுமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்றை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் நாம் வாசிக்கலாம். சந்தா முடிந்தால் இவை திறக்காது. வாங்குபவர்கள் முதல் நாளே தரவிறக்கி வைத்துக்கொள்ளவும்.