பழைய இழைப்பு மெஷின் கடலூர் வர: குட்டி யானையா, பொலிரோவா, ஹைட்ராவா?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பழைய சர்ஃபேஸ் பிளானர் (மரம் இழைக்கும் மெஷின்) வாங்கிக் கடலூர் கொண்டுவருகிறவர் முதலில் விசாரிப்பது வண்டி வாடகையைத்தான். விசாரிக்க வேண்டியது இறக்கும் இடத்தை. ஏற்றும் இடத்தில் பெரும்பாலும் ஃபோர்க்லிஃப்ட் கிடைக்கும். கடலூர் மஞ்சக்குப்பம் சந்தில் அது வராது. மெஷின் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

குட்டி யானை முக்கால் டன் வரை தாங்கும், எடை பிரச்சினையில்லை. தளம் தாழ்வாக இருப்பதால் இறக்கவும் வசதி. ஆனால் தொட்டி 7 அடிதான். நீள மேசையுள்ள பிளானர் பின்கதவைத் தாண்டி நீட்டும், பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் ஸ்டியரிங் லேசாகிவிடும். உயரமான பேண்ட்சா (பட்டை ரம்ப மெஷின்) என்றால் இந்த வண்டியே வேண்டாம், வளைவில் ஆடும். பொலிரோ பிக்கப் மாடலைப் பொறுத்து 1.3 முதல் 1.7 டன் தாங்கும். கூடுதல் வாடகை வீணில்லை.

இறக்குவதில்தான் உண்மையான போட்டி. ஆறு பேர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்கு 83 கிலோ. அதைவிட மோசம், எல்லோரும் மேசை விளிம்பைத்தான் பிடிப்பார்கள். மேசை சரிவுத் தடத்தில் உட்கார்ந்திருப்பது. அதைப் பிடித்துத் தூக்கினால் மட்டம் போய்விடும்.

பலகைச் சரிவு மலிவு. தளம் இரண்டரை அடி உயரம், பலகை 10 அடி என்றால் கால்பங்கு எடை, அதாவது 125 கிலோ, கீழ்நோக்கி இழுக்கும். மெஷினை 4 அங்குலக் கட்டை இரண்டின்மேல் போல்ட் போட்டு, கட்டை பலகையில் உரசியபடி, கை விஞ்ச்சில் (கையால் சுற்றும் கயிற்று உருளை) பிடித்து மெல்ல விட வேண்டும். ஜி.ஐ. பைப் உருளைகள் சமதளத்துக்கு மட்டும். சரிவில் பைப் வைத்தால் உரசல் போய் மெஷின் ஓடிவிடும், முன்னால் நிற்பவர் கால் போகும். பலகையின் நடுவில் முட்டு கட்டாயம்.

முக்காலியும் (மூன்று கால் தூக்குச் சட்டம்) அதில் தொங்கும் 1 டன் செயின் பிளாக்கும் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) இதைவிட நிதானம். மெஷினை நாலு விரல் உயர்த்தி, வண்டியை முன்னால் எடுத்துவிட்டு, நேராக இறக்கலாம். தளம், மெஷின், பெல்ட், கொக்கி எல்லாம் கூட்டினால் முக்காலி 12 அடியாவது வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே வண்டி நுழையணும். பெல்ட்டை அடிச்சட்டத்துக்குக் கீழே கோக்கவும், கத்திகள் பொருத்திய கட்டர் பிளாக்கில் வேண்டவே வேண்டாம். ஷெட்டின் கூரைப் பைப்பில் செயின் பிளாக் மாட்டும் யோசனையும் வேண்டாம்.

ஹைட்ரா கிரேன் வேலையைச் சட்டென்று முடிக்கும், தெரு அகலமும் மேலே மின்கம்பியும் இடம் கொடுத்தால். ஒரே மெஷினுக்கு அதன் குறைந்தபட்ச வாடகை உறுத்தும்; இரண்டு மூன்று மெஷின் வந்தால் அதுவே சரி. ஜேசிபி பக்கெட்டில் சங்கிலி கட்டித் தூக்குவது ஊரில் சகஜம், ஆனால் அதன் குலுக்கலுக்கு வார்ப்பிரும்பு தாங்காது. விரிசல் விட்டால் வெல்டிங் சரியாக நிற்பதும் அபூர்வம்.

எந்த வண்டியானாலும் மோட்டாரையும் ஃபென்ஸையும் (மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கத் தடுப்பு) கழற்றித் தனியாக வையுங்கள். நைலான் கயிறு இழுபட்டுத் தளரும். நாலு மூலைக்கும் ராட்செட் பெல்ட் போட்டு, கிருமாம்பாக்கம் வந்ததும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முள்ளோடையில் மாநில எல்லை தாண்டுவதால் விற்றவரின் பில் கையில் இருக்கட்டும். மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) போடச் சொல்லுங்கள்.