சென்னைப் பயணத்தில் ஸ்டாக்ஸ் ஆம்ப் சர்வீஸ்: எதைக் கடையில் கொடுக்கலாம், எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும்

இந்த முறை சென்னைக்குக் கொண்டுபோனது ஸ்டாக்ஸ் எஸ்ஆர்எம்-டி1, அதாவது ஜப்பானிய ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனை ஓட்டும் வால்வு ஆம்ப்ளிஃபையர்; கனடாவில் 117 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த செட். வேலை மூன்று: 230 வோல்ட்டுக்கு மாற்றுவது, வயதான கெப்பாசிட்டர்களை மாற்றுவது, வலது காதில் குறைந்துகொண்டே போன சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது. மூன்றும் முடிந்தன. மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலைக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவையும் அதைச் சுற்றி டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் வைண்டிங் கடைகளையும் நம்பலாம். ஹைவோல்ட்டேஜ் டிரான்சிஸ்டர், வால்வு, பயஸ் சர்க்யூட் (ஹெட்ஃபோனின் டயஃப்ரத்துக்கு நிலையான உயர் வோல்ட்டேஜ் தருவது) ஆகியவற்றுக்கு உதிரி பாகங்களைக் கையோடு கொண்டுபோய், வேலை நடக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் வோல்ட்டேஜ். ஸ்டாக்ஸின் டி1, 1/எம்கே2 போன்ற பழைய மாடல்களின் டிரான்ஸ்ஃபார்மரில் 100, 117, 220, 240 என எல்லா டேப்பும் (வெவ்வேறு லைன் வோல்ட்டேஜுக்கான இணைப்புகள்) இருக்கும். உள்ளே ஜம்பரை (இணைப்பு வயரை) மாற்றினால் போதும். ஜப்பானில் மட்டும் விற்ற பிற்கால செட்கள் சிலவற்றில் 100 வோல்ட் வைண்டிங் ஒன்றுதான் உண்டு. அதனால் வாங்கும்முன் மூடியைத் திறந்த படம் கேட்டு, பிரைமரியில் (மெயின் மின்சாரம் நுழையும் பக்கம்) எத்தனை வயர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சென்னைக்கு 240 டேப்பைத்தான் போட வேண்டும். இரவில் லைன் 240-ஐத் தொடும் வீட்டில் 220 டேப் போட்டால் உள்ளே எல்லாமே 9 சதவீதம் ஏறும்: வால்வின் ஹீட்டர் 6.3-லிருந்து 6.9 வோல்ட்டுக்குப் போகும், கெப்பாசிட்டர் தன் எல்லையை ஒட்டி நிற்கும். 117-லிருந்து 240-க்கு மாற்றும்போது ஃபியூஸின் ஆம்பியரும் பாதியாக வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

100 வோல்ட் மட்டும் உள்ள செட் என்றால் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் எடுத்த எடுப்பில் நீட்டுவது 230-க்கு 110 ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். லோடு இல்லாமல் அதன் அவுட்புட் 115-ஐயும் தாண்டும். 100 வோல்ட் செட்டுக்கு அது அதிகம். வைண்டிங் கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, இன்புட் 230, அவுட்புட் லோடுல 100, 150 விஏ, ஆட்டோ வேணாம், பிரைமரியும் செகண்டரியும் தனித்தனி வைண்டிங், நடுவுல எர்த் ஷீல்டு, வார்னிஷ்ல நல்லா முக்கிடுங்க." இரண்டு மூன்று நாளில் கிடைக்கும். வாங்கும்போது 40 வாட் பல்ப் ஒன்றை லோடாக மாட்டி அளந்து பாருங்கள். ஜப்பானின் கிழக்குப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60. நம்மூரும் 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் ஸ்டாக்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே சூடாகாது. 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று எழுதியிருக்கும் அமெரிக்க ஆம்ப்புக்கு இந்த உறுதி கிடையாது.

மாற்றியதும் நேராக பிளக்கில் சொருகாதீர்கள். மெயின் லைனில் ஆம்ப்போடு தொடராக ஒரு பல்ப்பைக் கோக்கும் நம்மூர் மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்ப் முறைக்கு ஈடு இல்லை: 100 வாட் குண்டு பல்ப், எல்இடி கூடாது. பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் சரி. மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட்.

திறக்கும் முன் ஒன்று. இந்த ஆம்ப்புக்குள் பிளஸ்ஸில் 300 வோல்ட்டுக்கு மேல், மைனஸிலும் அதே அளவு. இரண்டுக்கும் நடுவே 600-க்கு மேல். பிளக்கைப் பிடுங்கியபிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் பிடித்து ஒவ்வொரு ரெயிலையும் (பிளஸ், மைனஸ் சப்ளை லைன்) பத்து விநாடி இறக்கி, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. அப்படிச் செய்ய விடாதீர்கள், போர்டில் உள்ள டிராக் எரிந்துவிடும்.

வலது காது பிரச்சினைக்குக் காரணம் சால்டரிங் பேஸ்ட். முன்பு யாரோ பயஸ் சர்க்யூட்டைத் தொட்டு, டப்பா பேஸ்ட்டைத் தடவி, துடைக்காமல் விட்டிருந்தார்கள். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று, விரல் வைத்தால் ஒட்டியது. சாதாரண ரேடியோவில் அதனால் ஒன்றும் ஆகாது. இங்கே 580 வோல்ட், 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் ஹெட்ஃபோனுக்குப் போகிறது. சென்னை ஈரப்பதத்தில் அந்தப் பேஸ்ட் தண்ணீரை இழுத்துச் சில பத்து மெகாஓம் அளவுக்குக் கசிந்தாலே பயஸ் இறங்கிவிடும், சத்தமும் கூடவே இறங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை டூத்பிரஷ்ஷில் தொட்டு மூன்று முறை கழுவி, சாக்கெட்டின் பின்புறத்தையும் தேய்த்து, ஹேர்டிரையரில் இளஞ்சூட்டில் காயவைத்ததும் இரண்டு பக்கமும் சமமாயிற்று. புதிதாகச் சால்டர் செய்யச் சொன்னால் 60/40 ரோசின் கோர் வயரை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பேஸ்ட் டப்பா மேஜையில் இருக்கவே கூடாது.

பயஸ் அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. 10 மெகாஓம் மீட்டரை சாக்கெட்டில் வைத்தால் 580 காட்டாது, 395 போலத்தான் காட்டும். 4.7-உம் 10-உம் வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு கடையில் இதைப் பார்த்துவிட்டு "பயஸ் போச்சு" என்று டயோடு எல்லாவற்றையும் பிடுங்கப் போனார்கள். ரெசிஸ்டருக்கு முன்னால் அளங்கள், அல்லது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் கறாராக இருங்கள். பழையதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் மாறக் கூடாது. வோல்ட் குறையக் கூடாது, கூடலாம். 105 டிகிரி வகை. விட்டமும் கால் இடைவெளியும் ஸ்கேலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற பிராண்டு ஸ்டிக்கர் ஒட்டிய போலிகளும் தெருவில் கிடைக்கின்றன. கையில் எடுத்தால் எடையிலேயே சந்தேகம் வரும். ஆன்லைன் உதிரி பாக விற்பனையாளர்களான மவுசர், எலிமென்ட்14 இரண்டும் இந்தியாவுக்கு விற்கின்றன. பயணத்துக்கு முன்பே ஆர்டர் போட்டு வீட்டு முகவரிக்கு வரவழைப்பது நல்லது.

வால்வு 6எஃப்க்யூ7, இன்னொரு பெயர் 6சிஜி7. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் புதிதாகவும் தயாரித்திருக்கிறது. ரஷ்ய 6என்1பி காலுக்குக் கால் பொருந்தும் என்று சொல்லித் தருவார்கள். அதன் பிளேட் வோல்ட்டேஜ் எல்லை குறைவு, இந்த ஆம்ப்புக்கு வேண்டாம். இன்புட்டில் இருக்கும் இரட்டை ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) 2எஸ்கே389-இன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது; போனால் எல்எஸ்கே389 போடலாம்.

வால்வு மாற்றினாலும் கெப்பாசிட்டர் மாற்றினாலும் கடைசியில் அட்ஜஸ்ட்மென்ட் கட்டாயம். வால்யூம் பூஜ்யம், ஹெட்ஃபோன் கழற்றியிருக்க வேண்டும், அரை மணி நேரம் சூடாகட்டும். சாக்கெட்டில் ஒரே சேனலின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அளந்து பேலன்ஸ் பிரீசெட்டால் (போர்டில் உள்ள சிறு திருகு) பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஆஃப்செட். ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும். இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். அதற்குப் பிறகு சில வோல்ட் ஆடுவது சகஜம். பிளாஸ்டிக் டிரிம்மர் டூல் மட்டுமே.

மாடிஃபிகேஷன் என்றால் டி1-க்கு ஒன்றுதான் உண்மையில் பலன் தருவது: வால்வின் பிளேட் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10எம்90எஸ் என்ற ஐசியை வைத்து, கரண்டை மாறாமல் வைத்திருக்கும் கான்ஸ்டன்ட் கரண்ட் சோர்ஸ் போடுவது. காரணம் எளிது. 110 பைக்கோஃபாரட் ஹெட்ஃபோன் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 72 கிலோஓம்; 300 வோல்ட்டுக்கு அது கேட்பது 4 மில்லியாம்பியர். வால்வு தரும் சிக்னல் கரண்டில் பெரும்பங்கை பிளேட் ரெசிஸ்டரே தின்றுவிடுகிறது. கரண்ட் சோர்ஸ் தின்னாது. பழைய ரெசிஸ்டரில் ஓடிய அதே கரண்டுக்கு செட் செய்யுங்கள். 5 மில்லியாம்பியர், 320 வோல்ட் என்றால் ஒன்றுக்கு 1.6 வாட், ஹீட்சிங்க் வேண்டும். அதன் உலோக முதுகில் வோல்ட்டேஜ் இருக்கும், இன்சுலேஷனுக்கு மைக்கா தகடு இல்லாமல் ஹீட்சிங்கில் திருகினால் முடிந்தது. இந்த வேலையைக் கடையில் விடவில்லை. யாரும் விடவும் வேண்டாம்.

புதிதாகத் தேர்ந்தெடுப்பவர்கள் வோல்ட் எண்ணை மட்டும் துரத்த வேண்டியதில்லை. டி1 தருவது 300 வோல்ட்; ஸ்டாக்ஸின் மற்ற ஆம்ப்களில் 323எஸ் 400, 727 450. ஸ்டாக்ஸின் எல்700 ஹெட்ஃபோன் 100 வோல்ட்டுக்கு 101 டெசிபெல் என்றால், 300-இல் 110-க்குச் சற்று மேல், 450-இல் 114. நடுவே வெறும் மூன்றரை டெசிபெல். இரண்டு நாட்டிலும் ஓட்டுபவருக்கு டேப் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைவிடப் பெரிய லாபம்.

ஹெட்ஃபோனின் டயஃப்ரத்தை (அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய படலம்) மட்டும் ஊரில் எந்தக் கடையிலும் திறக்க விடாதீர்கள். உள்ளே புகும் ஒரு தூசியே பயஸில் கீச்சிடும். கடற்கரைப் பக்க வீடென்றால் சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

திரும்பும்போது வால்வுகளைக் கழற்றி, எந்த சாக்கெட்டில் எது என்று எண் போட்டு, கைப்பெட்டியில் வையுங்கள். ஜம்பர் 117-க்கு, ஃபியூஸ் பழைய மதிப்புக்கு. இப்போது எந்த டேப்பில் இருக்கிறது என்று ஒரு துண்டு காகிதத்தில் எழுதி பவர் சாக்கெட்டுக்கு மேலேயே ஒட்டிவிடுங்கள்.